காளைக் கன்றுக்குக் கண்ணீர் விடுவோர் கவனத்துக்கு

பெரும்பாலும் கிடேரிக் கன்றே பிறக்கும்படி பாலினம் பிரித்த உறைவிந்தைக் கறவை மாடுகளுக்குச் சினை ஊசியாகப் போட அரசு மானியம் தரத் தொடங்கியதிலிருந்து ஒரு கூக்குரல் ஓயாமல் கேட்கிறது: ‘காளை இனத்தையே கருவறுக்கிறார்கள், இது இயற்கைக்கு விரோதம்.’ மாடு கறந்து பிழைப்பவர்களின் குரல் அல்ல இது.

காளை இனம் எப்போது குறையத் தொடங்கியது? 2019 கால்நடைக் கணக்கெடுப்பைப் புரட்டினால் விடை கிடைக்கும். 2012க்குப் பிந்தைய ஏழு ஆண்டுகளில் நாட்டின் மொத்த மாடுகள் ஒரு சதவீதம்கூடக் கூடவில்லை. ஆனால், பசுக்கள் 18 சதவீதம் பெருகி 14.51 கோடி ஆயின. காளைகளும் எருதுகளும் 30 சதவீதம் சரிந்து 4.74 கோடியாகின. கிடேரியும் காளையும் ஏறக்குறைய சரிபாதியாகத்தான் பிறக்கின்றன. அப்படியானால் பிறந்த காளைக் கன்றுகள் எங்கே போயின? இந்த ஊசி கிராமங்களை எட்டுவதற்கு முன்பே நடந்த சரிவு இது.

விடை ஊரறிந்தது. உழவு டிராக்டருக்குப் போய்விட்டது. திமில் இல்லாத கலப்பினக் காளையை ஏரில் பூட்டவும் ஆளில்லை. லிட்டருக்குக் கணக்குப் பார்க்கும் வீட்டில் காளைக் கன்றின் வாய்க்குப் பால் எட்டுவதில்லை. பல கன்றுகள் சில வாரங்களில் பட்டினியால் சாகின்றன. மிஞ்சுபவை அடிமாட்டுச் சந்தைக்கோ தெருவுக்கோ போகின்றன. தெருவில் திரியும் மாடுகள் மட்டும் அதே கணக்கெடுப்பில் 50 லட்சம். இந்தப் பட்டினிச் சாவு இயற்கையா?

பாலினம் பிரித்த உறைவிந்தில் மரபணு மாற்றம் எதுவும் இல்லை. கிடேரி தரும் விந்தணுவில் மரபுப்பொருள் ஏறத்தாழ 4 சதவீதம் கூடுதல். அந்த வேறுபாட்டைக் கொண்டு பிரித்தெடுக்கிறார்கள், அவ்வளவே. பத்துக்கு ஒன்பது கிடேரிகள் கிடைக்கின்றன. ‘கவுசார்ட்’ என்னும் உள்நாட்டுத் தொழில்நுட்பம் 2024 அக்டோபரில் வந்துவிட்டது. உதகையிலேயே உற்பத்தி நிலையம் இருக்கிறது. சினை பிடிப்பது சற்றுக் குறைவு என்பது உண்மை. நல்ல தீனி தின்று வளர்ந்த கிடேரிகளுக்கு, பருவம் பார்த்துப் போட்டால் அந்தக் குறையைப் பெருமளவு சமாளிக்கலாம்.

காங்கேயம், உம்பளாச்சேரி, புலிக்குளம், பர்கூர் ஆகிய நாட்டு மாட்டினங்களுக்குப் பொலிகாளை வேண்டும். அவற்றுக்கு வழக்கமான விந்தே தொடரட்டும், யார் தடுத்தது? ஜல்லிக்கட்டுக் காளையைக் காட்டி ஜெர்சிக் கலப்பினக் கன்றுக்கு வழக்காடுவது வெறும் மேடைப் பேச்சு.

இரண்டு மாடு வைத்திருக்கும் பெண்ணுக்குக் கிடேரி பிறந்தால் அது அடுத்த கறவை. காளை பிறந்தால் வெறும் செலவு. இந்தக் கணக்கு மாறினால் அவர் வீட்டு நிலையே மாறும். எனவே, மானியம் போதாது. தமிழகத்தின் ஒவ்வொரு கால்நடை மருந்தகத்திலும், கலப்பினக் கிடேரிகள் அனைத்துக்கும் இந்த ஊசியை இலவசமாகப் போட வேண்டும். பிறக்கவிட்டுப் பட்டினி போடுவதைவிடப் பிறக்காமல் தடுப்பதே அறம்.