மஞ்சள் மட்டும் போதுமா?

பெண் முகத்தில் முடி என்றால் நாம் சிரிக்கிறோம். இல்லையேல் பேச்சை மாற்றுகிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன், என் நாடியிலேயே அது முளைக்கும் வரை.

அப்போது எனக்கு வயது 17. பீடித்தட்டை இறக்கி வைத்துவிட்டு, அம்மா ஆற்றுப் படித்துறையில் கஸ்தூரி மஞ்சளை உரசித் தேய்த்துவிட்டாள். "ஏளா, யார்ட்டயும் சொல்லிராத" என்றாள். முகம் மஞ்சளித்தது, முடி நிற்கவில்லை. மாதவிலக்கு மூன்று நான்கு மாதம் தள்ளிப்போனதை இதனோடு யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

விலங்கியல் படிக்க வந்த பின்னரே தெளிந்தேன். ஆண் ஹார்மோன் எனப்படும் டெஸ்டோஸ்டிரோன் எல்லாப் பெண்களின் உடலிலும் சிறிதளவு உண்டு. சினைப்பையும் அட்ரினல் சுரப்பியும் அதைத் தருகின்றன. அளவு மிகுந்தால் மேலுதட்டிலும் நாடியிலும் முடி தடித்து வளரும். வியப்பு என்னவெனில், அளவு சரியாக இருந்தும் சிலருக்கு வளர்கிறது. அவர்களது மயிர்க்கால்கள் அந்தச் சிறிதளவுக்கே இணங்கிவிடுகின்றன. பெரும்பாலும் காரணமாவது, 1935-இல் ஸ்டெய்ன், லெவன்தால் என்னும் மருத்துவர்கள் விவரித்த சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு. ஏறத்தாழப் பத்துப் பெண்களில் ஒருவருக்கு அது இருக்கிறது. அப்படியானால் நம் வகுப்பில் எத்தனை பேர்? கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

1961-இல் ஃபெரிமன், கால்வே என்போர் ஒவ்வோர் இடத்து முடிக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண் இடும் முறை வகுத்தனர். நான் குறைவாக வாங்க ஆசைப்பட்ட ஒரே மதிப்பெண் இதுதான்! ஆனால் 2024-இல் உத்தரப் பிரதேசப் பத்தாம் வகுப்புத் தேர்வில் 98.5 விழுக்காடு பெற்று முதலிடம் வந்த மாணவியின் படத்தில், பலர் கண்டது அவள் மீசையை மட்டுமே. சில மதிப்பெண் குறைந்திருந்தால் இந்தக் கேலி வந்திராதே என்று அச்சிறுமி வருந்தினாள். படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

நூல் போட்டு எடுப்பதும் மழிப்பதும் அவரவர் விருப்பம். மழித்தால் முடி தடிக்கும் என்பது வெறும் பேச்சு. ஆனால் மாதவிலக்கும் தவறினால் இரத்தப் பரிசோதனை அவசியம். பின்னாளில் நீரிழிவு வரும் வாய்ப்பும் அதனுள் ஒளிந்திருக்கிறது. திடீரென முடி அடர்ந்து குரலும் கனத்தால் ஒருநாளும் தாமதிக்கலாகாது, கட்டியாகவும் இருக்கலாம். மருந்து முடியில் பலன் காட்ட ஆறு மாதமாவது ஆகும். நான் இப்போது நான்காம் மாதத்தில் இருக்கிறேன்.

ஆண்டுக்கொருமுறை நம் கல்லூரிக்கு மருத்துவர் ஒருவரை அழைத்துப் பேசச் செய்ய வேண்டும். மாணவர்களும் அமர்ந்து கேட்கட்டும். 'மீசைக்காரி' என்று பட்டம் சூட்டுவோர் அவர்கள்தாமே!