குட்டியை வளர்த்துக் கொடுத்துவிடலாமா?



செஞ்சியில் என் வீட்டுத் திண்ணைக்கு மாலையில் படிக்க வரும் பிள்ளைகளிடம், பார்வையற்றவர்களுக்கு வழிகாட்டும் நாய்களைப் பற்றி ஒருநாள் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த நாய் குட்டியாக இருக்கும்போது ஒரு குடும்பத்தில் ஓராண்டுக்கு மேல் வளரும். பிறகு அந்தக் குடும்பம் அதைப் பயிற்சிப் பள்ளியிடம் திருப்பிக் கொடுத்துவிடும் என்றேன். ஆறாம் வகுப்புப் பையன் ஒருவனுக்குக் கோபம் வந்துவிட்டது. "வளர்த்த நாயை யாராச்சும் கொடுப்பாங்களா சார்? அது பாவம் இல்லையா?" என்றான்.

நியாயமான கேள்விதான். அன்று எனக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. இப்போது சொல்லிப் பார்க்கிறேன்.

முதல் உலகப் போரில் கண்ணிழந்த வீரர்களுக்காக, 1916-ல் ஜெர்மனியின் ஓல்டன்பர்க் நகரில் வழிகாட்டி நாய்ப் பள்ளி தொடங்கப்பட்டது. 1928-ல் மோரிஸ் ஃபிராங்க் என்ற பார்வையற்ற அமெரிக்க இளைஞர் சுவிட்சர்லாந்துக்குப் போய், பயிற்சி பெற்ற ஒரு பெண் நாயுடன் திரும்பினார். அதன் பெயர் 'பட்டி'. நம் ஊர்ப் பட்டிதொட்டி இல்லை. அவர்கள் பேச்சில் தோழன் என்று பொருள். நியூயார்க்கில் பத்திரிகையாளர்கள் பார்த்துக்கொண்டிருக்க, வண்டிகள் பாய்ந்தோடும் சாலையை அந்த நாயை நம்பிக் கடந்தார். அடுத்த ஆண்டே 'சீயிங் ஐ' என்ற பள்ளி அமெரிக்காவில் பிறந்தது.

அந்தப் பள்ளி 1942-ல் ஒரு நல்ல காரியம் செய்தது. 'ஃபோர் எச்' என்ற சிறுவர் சங்கத்துப் பிள்ளைகளின் வீடுகளுக்குக் குட்டிகளை வளர்க்கக் கொடுத்தது. உங்கள் வயதுப் பிள்ளைகள்தான்!

ஏன் வீட்டில் வளர வேண்டும்? கூண்டில் வளர்ந்த குட்டிக்கு மிக்சி சத்தமும் தெரியாது, மாடிப்படியும் தெரியாது. பிறந்த முதல் சில மாதங்களில் எதையெல்லாம் பயமில்லாமல் பார்க்கிறதோ, அதற்கெல்லாம் பெரும்பாலும் பிறகும் மிரளாது. அதனால் ஏழெட்டு வாரக் குட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து, தடுப்பூசிகள் போட்டு, போகும் இடமெல்லாம் கூட்டிப்போகிறார்கள்.

அப்படி ஒரு குட்டி நம் செஞ்சியில் வளர்ந்தால் என்ன கற்றுக்கொள்ளும் என்று நான் யோசித்துப் பார்ப்பதுண்டு. பேருந்து நிலையத்தில் ஏர் ஹாரன் அலறும்போது உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு நெல் மூட்டை ஏற்றி வரும் லாரிகளுக்கு மிரளக் கூடாது. அமாவாசையன்று மேல்மலையனூர் போகும் பேருந்தில், அத்தனை கால்களுக்கு நடுவே, இருக்கைக்கு அடியில் படுத்து வர வேண்டும். ரயில் பழக வேண்டுமானால் திண்டிவனம் போயாக வேண்டும். கடைசிப் பரீட்சை ராஜகிரிப் படிகள்! அங்கே குரங்கு பல்லைக் காட்டினாலும் குரைக்கக் கூடாது. என் மாணவர்களில் பாதிப் பேர் அதில் தேறமாட்டார்கள்.

இவையெல்லாம் அடித்துச் சொல்லிக்கொடுப்பவை அல்ல. சொன்னதைச் செய்தவுடன் ஒரு சிறு தின்பண்டம், ஒரு தட்டிக்கொடுப்பு, ஒரு பாராட்டு, அவ்வளவுதான். ஆனால் வீட்டில் எல்லோரும் ஒரே சொல்லைச் சொல்ல வேண்டும். அப்பா 'உட்கார்', அக்கா 'சிட்', பாட்டி 'சும்மா இரு' என்றால் குட்டி பாவம் என்ன செய்யும்? நாயிடம் மட்டும் நாம் ஏன் ஆங்கிலத்திலேயே பேசுகிறோம் என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை. சாப்பிடும்போது தட்டிலிருந்து ஒரு துண்டு போடுவதும் கூடாது. நாளைக்கு அது ஓட்டலில் எசமானரை விட்டுவிட்டு அடுத்த மேசைக்கு ஓடும்.

வீட்டுப் பாடம் முடிந்த பிறகுதான் பள்ளியில் பெரிய பாடம். கட்டளையை மீறவும் அங்கே சொல்லிக்கொடுக்கிறார்கள். 'முன்னே போ' என்று சொன்னாலும், வண்டி வந்தால் நாய் நகராது. வெள்ளைக்கோல் தொட்ட பொருளைத்தான் காட்டும். தலை உயரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் கடைக்கூரைத் தகரத்தைக் காட்டாது. நாயோ தன் உயரத்தோடு, கூட வருபவரின் உயரத்தையும் கணக்கில் வைத்துச் சுற்றிப் போகப் பழகுகிறது. எல்லா நாயும் தேறுவதில்லை. தேறாதவை வேறு வேலைக்கோ வீட்டுச் செல்லமாகவோ போகின்றன.

நம் நாட்டில் இத்தகைய நாய்கள் மிகமிக அரிது. சென்னையில் புளூ கிராஸ் அமைப்பு, சிறப்புக் குழந்தைகளின் பள்ளிகளுக்குச் சாதுவான நாய்களை அழைத்துப்போய்ப் பழக விட்டிருக்கிறது. ஆனால் சாலையில் கையைப் பிடித்ததுபோல் அழைத்துப்போகும் நாயை நான் செஞ்சியில் பார்த்ததில்லை. வந்தாலும் எங்கே நடக்கும்? நடைபாதை முழுக்க பைக் நிற்கிறது. வெள்ளைக்கோலோடு வருபவர்களே அவற்றில் இடித்துக்கொள்வதைப் பார்க்கிறேன். நாயைக் கண்டால் கல் எடுக்கும் கையும் நம்மிடம் இருக்கிறது. விசிலடித்துக் கூப்பிட்டு பிஸ்கட் போடும் கையும் இருக்கிறது. வேலையில் இருக்கும் நாய்க்கு இரண்டுமே இடைஞ்சல்தான். உங்கள் வீட்டு வண்டியையாவது நடைபாதையில் நிறுத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பெரியவர்களிடம் நான் சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. நீங்கள் சொன்னால் கேட்பார்கள்.

இனி அந்தப் பையனுக்கு வருகிறேன். தம்பி, அது பாவமில்லை என்பதே என் கருத்து. அந்த நாயை யாரும் தெருவில் விடவில்லை. நாள் முழுக்கக் கூடவே இருக்கும் ஒரு மனிதரிடம் அது போகிறது. பிரிவுத் துயரம் வளர்த்தவர்களுக்குத்தான் அதிகம். துயரமே இல்லை என்றால் அது பொய். ஐந்தாம் வகுப்பை ஒவ்வோர் ஆண்டும் ஆறாம் வகுப்புக்கு அனுப்பிய எனக்கு அது கொஞ்சம் தெரியும்.

'சீயிங் ஐ' பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. பயிற்சி முடியும் நேரத்தில், வளர்த்த குடும்பத்தை மோரிஸ்டவுன் நகரத்துக்கு அழைக்கிறார்கள். நாய் முதுகில் தோல்வார் பூட்டி, பயிற்சியாளரை அழைத்துக்கொண்டு கடைத்தெருவில் நடக்கும். குடும்பம் தூரத்தில் பின்னாலேயே போகும். பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது; தாங்கள் வந்திருப்பது நாய்க்குத் தெரியவே கூடாது. தெருமுனையில் அது நின்று, வண்டி போகக் காத்திருந்து, பிறகு கடந்து போவதைப் பார்த்துவிட்டு வீடு திரும்புவார்கள். அவர்களில் பலர் அடுத்த குட்டியையும் கேட்டு வாங்கிக்கொள்கிறார்களாம்.