ஒழுகும் கூரையும் தவறாத வாடகையும்

சென்ற மழைக்காலத்தில் எங்கள் மதரஸாவில் ஓதும் சிறுவன் ஒருவன் நனைந்த கிதாபுடன் வந்தான். அது வழியில் நனைந்ததன்று, வீட்டுக்குள் நனைந்தது. இரண்டு ஆண்டுகளாகக் கூரை ஒழுகுகிறது. உரிமையாளரோ வாடகை வாங்கும் நாளில் மட்டுமே வருகிறார். “நமக்கு வேண்டிய மனிதர், எப்படிக் கேட்பது ஹஜ்ரத்? ஸப்ராக இருக்கிறோம்” என்றார் சிறுவனின் தந்தை.

ஸப்ர் உயர்ந்த பண்பு. ஆனால், நியாயமான உரிமையைக் கேட்கக் கூசுவதற்கு அப்பெயரைச் சூட்டுவது சரியன்று. வாடகை என்பது சுவர்களுக்கான விலையன்று. அச்சமின்றிக் குடியிருக்கும் பயனுக்கான விலை.

நம் ஃபிக்ஹு நூல்கள் இதில் தெளிவாக உள்ளன. ஷாஃபிஈ மத்ஹபில் வீட்டைப் பழுதுபார்ப்பது உரிமையாளரைச் சார்ந்தது. அவர் விரைந்து சீர்செய்யாவிடில், ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளும் உரிமை குடியிருப்பவருக்கு உண்டு. ஹனஃபி மத்ஹபின் அடிப்படையில் உஸ்மானிய ஆட்சியில் தொகுக்கப்பட்ட ‘மஜல்லா’வின் 529ஆம் பிரிவும் வீட்டைவிட்டு வெளியேறும் உரிமையை அவருக்கு அளிக்கிறது. கூடவே ஓர் எச்சரிக்கையும் உண்டு. உரிமையாளரின் அனுமதியின்றிச் செய்த செலவு நன்கொடையாகிவிடும். கட்டடத்தைக் காக்க அவருடைய அனுமதியுடன் செய்த செலவையோ திரும்பப் பெறலாம். ஆகவே, கொத்தனாரை அழைக்கும் முன் அனுமதியை எழுத்தில் பெறுங்கள்.

நாட்டுச் சட்டமும் துணை நிற்கிறது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், கட்டட அமைப்பின் பழுது, குழாய் மாற்றுதல், மின்கம்பி வேலை ஆகியவற்றை உரிமையாளர் பொறுப்பில் வைக்கிறது. குழாய் வாஷர் மாற்றுவது போன்ற சிறு வேலைகள் குடியிருப்பவருடையவை. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 108ஆம் பிரிவும் ஒரு வழி காட்டுகிறது. உரிமையாளர் செய்யக் கடமைப்பட்ட பழுதை, அறிவிப்புத் தந்து நியாயமான காலம் கடந்தும் அவர் செய்யாவிடில், குடியிருப்பவரே செய்து அச்செலவை வாடகையில் கழிக்கலாம்; ஒப்பந்தத்தில் இதற்கு மாறான நிபந்தனை இருக்கக்கூடாது.

எனவே முதலில் நேரில் பணிவாகச் சொல்லுங்கள். பிறகு தேதியிட்ட கடிதமும் புகைப்படமும் அனுப்பி, அவகாசம் கொடுங்கள். அதற்கும் அசையாவிடில், மஹல்லாப் பெரியவர் இருவரை வைத்துப் பேசுங்கள். அதன்பின் சட்டத்தை நாடலாம், வீட்டையும் மாற்றலாம். ஆனால் ஒரு வார்த்தையும் சொல்லாமல் வாடகையை நிறுத்திவிடாதீர்கள். ஒப்பந்தத்தைப் பேணுமாறு இறைமறை இட்ட கட்டளை இரு தரப்புக்கும் உரியது.

வீட்டு உரிமையாளர்களான சகோதரர்களே, பிறருக்குத் தீங்கிழைக்கலாகாது என்ற நபிமொழி தொழுகை வரிசையோடு முடிந்துவிடுவதன்று. ஜமாஅத் நிர்வாகிகளே, உங்கள் பொறுப்பு இன்னும் கனமானது. வக்ஃபின் வருமானத்தில் முதற்செலவு அதன் பராமரிப்பே என்பது ஃபுகஹாக்களின் தீர்ப்பு. பள்ளிவாசலுக்குப் புதிய அலங்கார விளக்கு வாங்குமுன், அதற்கு வாடகை தரும் வீட்டின் கூரையை ஒருமுறை அண்ணாந்து பாருங்கள்.

உரிமையைக் கண்ணியமாகக் கேட்கவும், கேட்கப்படும் முன்பே கொடுக்கவும் அல்லாஹ் நமக்குத் தௌஃபீக் செய்வானாக! ஆமீன்.