பூட்டுக்கு இன்னொரு சாவி

யாழ்ப்பாணத்தில் ‘புனர்வாழ்வு’ என்றால் யாருக்கும் முதலில் வைத்தியசாலை நினைவுக்கு வராது. 2009இல் போர் முடிந்த பின் ஏறத்தாழ 12,000 முன்னாள் போராளிகள் அந்தப் பெயரில்தான் முகாம்களுக்குப் போனார்கள். அவற்றில் ஒன்று பொலன்னறுவை மாவட்டத்து வெலிக்கந்தைப் பக்கம் உள்ள கந்தக்காடு. இன்று ஐஸ், ஹெரோயின் போதைப் பழக்கத்தில் சிக்கியவர்களை வைத்திருப்பதும் அங்கேதான். 2022 செப்ரெம்பரில் வந்த புனர்வாழ்வுப் பணியகச் சட்டமூலம் போதைக்கு அடிமையானவர்களையும் முன்னாள் போராளிகளையும் வன்முறைத் தீவிரவாதக் குழுவினரையும் ஒரே பட்டியலில் சேர்த்திருந்தது. சட்டத்தின் முன் சமத்துவம் பேசும் 12(1)ஆம் உறுப்புரைக்கு அது முரண் என்று உயர் நீதிமன்றம் சொன்ன பிறகு மற்றவர்கள் நீக்கப்பட்டார்கள். 2023ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டமாக அது நிறைவேறியபோது பெயர் சொல்லி உள்ளே மிஞ்சியவர்கள் போதைக்கு அடிமையானவர்கள்தான். அவர்களுக்காகக் குரல் கொடுக்க ஊரில் அவ்வளவு பேர் இல்லை.

2022 ஜூன் கடைசியில் கந்தக்காட்டில் ஒருவர் இறந்தார். கலவரம் மூண்டு நூற்றுக்கணக்கானோர் தப்பி ஓடினார்கள். அந்த மரணம் தொடர்பில் கைதானவர்கள் அங்கே பணியிலிருந்த இராணுவத்தினர் இருவரும் விமானப்படையினர் இருவரும். அதே ஆண்டு நவம்பரில் மறுபடியும் மோதல், மறுபடியும் ஓட்டம். ஓடியவர்களில் எத்தனை பேர் பிடிபட்டார்கள் என்று எண்ணினோமே தவிர, சிகிச்சை பெறுகிற இடத்திலிருந்து இத்தனை பேர் ஏன் ஓட வேண்டும் என்று கேட்கவில்லை. அந்த மரணத்தையும் ஓட்டத்தையும் சில படையினரின் குணக்கேடு என்று சொல்லிக் கடந்துவிட முடியாது. காவல் நிற்பவரே ஒழுங்கு பற்றி அறிக்கை எழுதி, முறைப்பாட்டையும் அவரே கேட்கிற இடத்தில் சட்டைக்குள் இருக்கும் கன்றல் காயத்தை யாரிடம் காட்டுவது? யாழ்ப்பாணத்துப் பெடியனுக்கு மொழியும் தடை. 200 கிலோமீற்றருக்கு அப்பால் இருக்கும் தாய் வந்து பார்ப்பதானால் ஒரு நாள் கூலி போகும்; பார்க்கும்போது பக்கத்தில் ஒருவர் நின்றால் பிள்ளை “சுகமாய் இருக்கிறன்” என்றுதான் சொல்லுவான்.

பெற்றோரே கொண்டுபோய் விடச் சொல்லிக் கெஞ்சுகிறார்களே என்பார்கள். உண்மைதான். வீட்டுச் சாமான் ஒவ்வொன்றாய் விலைபோவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் குடும்பத்தை நோக்கி உரிமை பற்றி வகுப்பெடுக்க யாருக்கும் தகுதியில்லை. ஆனால் அவர்கள் கேட்பது சிகிச்சை. ஐஸுக்கு அங்கீகரிக்கப்பட்ட மாற்று மருந்து இல்லை. உளவளத் துணையும் நடத்தைச் சிகிச்சையுமே வழி. அணிநடையில் அது கிடைக்காது. ஹெரோயினிலோ ஆபத்து வேறு: மாதக்கணக்கில் விலகியிருந்த உடலின் தாங்குசக்தி இறங்கிவிடும், வெளியே வந்து பழைய அளவையே எடுத்தால் உயிர் போகலாம். ஆகவே விடுதலைக்குப் பின் ஊரில் யார் பார்த்துக்கொள்வது என்பதும் சிகிச்சையின் பகுதிதான். கட்டாயத் தடுப்பு நிலையங்களை மூடுங்கள் என்று 2012இல் ஐ.நா. அமைப்புகள் பன்னிரண்டு கூட்டாகக் கேட்டுக்கொண்டதும் போதைமீது இரக்கப்பட்டு அல்ல. திறந்துவிட்டால் ஓடிவிடுவார்களே என்றால், பூட்டியபோதும் ஓடினார்கள்.

எல்லாவற்றையும் நாளைக்கே மூடிவிட முடியாது என்பதை ஒப்புக்கொள்வோம். அதுவரை அந்தப் பூட்டுக்கு இன்னொரு சாவி வெளியாள் ஒருவரிடம் இருக்க வேண்டும். இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. சிகிச்சைக்காக வைக்கப்பட்ட சிறுவரின் நிலையைக் காலத்துக்குக் காலம் மீளாய்வு செய்ய வேண்டும் என்கிறது சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 25ஆம் உறுப்புரை. இலங்கை அதை 1991இலேயே ஏற்றுக்கொண்டது. பதினெட்டைத் தாண்டியவனும் கைவிடப்படவில்லை. தடுத்துவைக்கும் இடங்களுக்குப் போய்ப் பார்க்கும் அதிகாரத்தை 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்குக் கொடுத்திருக்கிறது. சித்திரவதைக்கு எதிரான சமவாயத்தின் விருப்பு நெறிமுறையில் நாடு 2017இல் சேர்ந்த பிறகு அந்த அதிகாரம் கடமையாகவும் ஆனது. செய்ய வேண்டியது, முன்னறிவிப்பில்லாமல் போவதும், காவலர் இல்லாத அறையில் தமிழிலேயே பேசுவதும், தேவையில்லாமல் அடைபட்டவனை நீதவானிடம் திரும்பக் கொண்டுவருவதும்தான். ஆணைக்குழுவுக்கு யாழ்ப்பாணத்தில் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. குடாநாட்டு நீதிமன்றம் ஒன்று புனர்வாழ்வுக்கு அனுப்பும் ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் அதே நாளில் அந்த அலுவலகத்துக்கும் போய்ச் சேரட்டும்.