திரைக்கடலில் தோழமை

பெங்களூரு கடலற்ற நகரம். எனினும் இங்குள்ள சிறுவரும் கணினித் திரையில் பாய்மரப் படகைச் செலுத்தலாம். 2020-இல் தொடங்கிய ‘வெண்டே குளோப்’ உலகச் சுற்றுப் போட்டியின் மெய்நிகர் வடிவில் 10 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் பங்கேற்றனர். உண்மை வானிலைக் கணிப்பின்படியே திரையிலும் காற்று வீசியது. ஆயினும் காற்றை அறிவது மட்டும் போதாது. மாலுமிகளின் மரபையும் அறிதல் வேண்டும்.

2018-ஆம் ஆண்டு உலகச் சுற்றுப் போட்டியொன்றில், இந்தியப் பெருங்கடற் புயலால் அபிலாஷ் டோமி முதுகில் காயமுற்றார். அவருடன் போட்டியிட்ட அயர்லாந்து வீரர் கிரகர் மெக்ககின், தம் பாய்மரமும் முறிந்த நிலையில், அவரை நோக்கியே படகைச் செலுத்தினார்.

திரைக்கடலில் உயிருக்கு ஆபத்து இல்லை. ஆனால் பின்தங்கியவரை எள்ளாமல், அவருக்குக் காற்றின் போக்கை விளக்கலாம். போட்டியாளரைத் தோழராகக் கருதப் பழகுவதே இவ்விளையாட்டின் உண்மையான பயன்.