குழலுக்கு விடை



"குழல் ஊதிப் பெண் கேட்பதா? நல்ல குடும்பத்தில் நடக்கிற காரியமா இது?" ஹ்மாங் மக்களின் வழக்கத்தை நான் விவரித்தபோது என் வகுப்புத் தோழி ஒருத்தி இப்படி முகம் சுளித்தாள். அன்று எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. இக்கட்டுரைதான் அந்தப் பதில்.

தென் சீனம், வியட்நாம், லாவோஸ், தாய்லாந்து ஆகிய நாடுகளின் மலைச்சரிவுகளில் வாழ்பவர்கள் ஹ்மாங் மக்கள். 1975-இல் லாவோஸில் ஆட்சி மாறியபின் பல்லாயிரவர் அகதிகளாகி அமெரிக்கா வரை சென்று குடியேறினர். இவர்களுடைய காதற்குழல் நம் புல்லாங்குழலைப் போன்றதன்று. மூங்கிற் குழாயில் மெல்லிய பித்தளை நாக்கு ஒன்றைப் பதித்திருப்பார்கள். மூச்சுப் பட்டதும் அது அதிரும். விரல்கள் துளைகளை மூடித் திறக்க, ஓசை வழுக்கிக்கொண்டு ஏறி இறங்கும்.

அந்த ஓசை வெறும் இசை அன்று, பேச்சு. ஹ்மாங் மொழியில் தொனி மாறினால் பொருளும் மாறிவிடும். நம் காதுக்குப் "போ" என்று மட்டுமே கேட்கும் ஓரசை, தொனிக்கேற்ப அவர்களுக்குப் பந்து, முள், பாட்டி, பார்த்தல், எறிதல் என வெவ்வேறு சொல்லாகிறது. (நமக்கோ அது விரட்டுகிற சொல்!) ஆகவே பாட்டின் தொனிகளைக் குழலில் ஊதினால், அப்பாட்டு மரபை அறிந்தவளுக்குச் சொற்களே விளங்கும். இன்று பரவலாக வழங்கும் உரோமன் எழுத்துமுறை 1953-இல்தான் லாவோஸில் உருவாயிற்று. அதை அமைத்த மூவரில் ஒருவர் ஈவ் பெர்த்ரே என்ற கத்தோலிக்கக் குரு. அதற்குமுன் அங்கே ஓர் இளைஞன் காதற்கடிதம் எழுத நினைத்தாலும் எதில் எழுதுவான்? குழல்தான் அவன் கடிதம்.

நம் மோர்சிங்கைப் போன்ற சிறு பித்தளைக் கருவியும் அவர்களிடம் உண்டு. அதன் ஓசை மிக மெல்லியது. இரவில் இளைஞன் பெண்ணின் வீட்டுச் சுவருக்கு வெளியே நின்று அதை மீட்டுவான். பலகையோ மூங்கிலோ வேய்ந்த சுவர், அப்பால் அவள். அவளும் தன் கருவியை எடுத்து விடை சொல்லலாம். மெல்லப் பேசலாம். உறங்குவதுபோல் கிடந்தும் விடலாம். ஒரே குலத்தில் மணம் செய்யக்கூடாது என்பது அவர்கள் கட்டுப்பாடாகையால், இன்ன குலம் என்று விசாரிக்கவும் வேண்டியிருக்கும். வாய்திறந்து யாரும் எதையும் கேட்கவில்லை. ஆகவே மறுத்தாலும் யாருக்கும் தலைகுனிவில்லை.

என் கருத்து இதுதான். குழல் கேட்க மட்டுமே வல்லது. கையைப் பிடித்து இழுக்க அதனால் முடியாது. இவ்வழக்கத்தில் ஊதும் ஆணைவிட, விடை சொல்லவும் சொல்லாதிருக்கவும் உரிமை பெற்ற பெண்ணே எனக்குப் பெரியவளாகத் தெரிகிறாள்.

அவ்வுரிமை எப்போதும் காக்கப்பட்டது என்று சொல்ல வரவில்லை. பெண்ணைக் கவர்ந்து சென்று மனைவியாக்கும் வழக்கமும் அதே மலைகளில் உண்டு. வியட்நாம் எழுத்தாளர் தோ ஹோவாய் 1953-இல் வெளியிட்ட கதைத்தொகுதியில் மி என்றொரு ஹ்மாங் பெண் வருகிறாள். பெற்றோர் பட்ட கடனுக்கு ஈடாக அவளைக் கேட்கிறான் ஊர்த்தலைவன். திருவிழா இரவொன்றில், அவள் விரும்பியவன் சுவரில் தட்டும் அதே அடையாளத்தைத் தலைவனின் ஆட்கள் தட்டுகிறார்கள். நம்பி வெளியே வந்தவளைத் தூக்கிச் சென்றுவிடுகிறார்கள்! பின்னொரு திருவிழா இரவில் தொலைவில் குழலோசை கேட்கிறது. செத்தவள்போல் வாழ்ந்த மி வெளியே போகப் புறப்படுகிறாள். கணவன் அவளைத் தூணோடு கட்டிவிடுகிறான். முடிவில், அதே வீட்டில் கட்டுண்டு கிடந்த வேறொருவனின் கட்டை அறுத்து, அவனோடு அவளும் தப்பி ஓடுகிறாள்.

பழைய கதைதானே என்று விட்டுவிட முடியவில்லை. ஹா லெ தியம் என்ற வியட்நாமியப் பெண் இயக்கி 2021-இல் வெளிவந்த 'மூடுபனியின் பிள்ளைகள்' என்ற ஆவணப்படத்தில், பள்ளியில் படிக்கும் ஹ்மாங் சிறுமி ஒருத்தியை இழுத்துச் செல்ல முயல்கிறார்கள். நம் வயதுப் பெண். வேண்டாம், வேண்டாம் என்று அவள் போராடுவதைக் கேமரா காட்டுகிறது. அவள் வாய்திறந்து சொன்ன விடையையே அங்கு கேட்பார் இல்லை. சுவருக்கு வெளியே காத்து நின்றவன் எவ்வளவோ மேல் அல்லவா?

இவ்வளவையும் என் தோழியிடம் படித்துக் காட்டினேன். சுவர் நடுவே இருப்பது நல்லதுதான் என்று ஒப்புக்கொண்டாள். இரவு நேரம் என்பதை மட்டும் அவள் இன்னும் ஒப்பவில்லை.