பத்து ரூபாய் நாணயம் செல்லும்!

பத்து ரூபாய் நாணயத்தை நீட்டினால் "செல்லாது" என்று தள்ளிவிடும் வழக்கம் தமிழ்நாட்டின் பல ஊர்களில் பரவியிருக்கிறது. நெல்லைச் சீமையில் இந்தப் புரளிக்கு இடம் கொடுக்கலாகாது.

ரூபாய்க் குறி இல்லாத நாணயம் போலி என்கிறார்கள். அந்தக் குறி 2011-ல்தான் சேர்க்கப்பட்டது. அதற்கு முன் அடித்த நாணயத்தில் அது எப்படி இருக்கும்? 14 வடிவங்களும் செல்லும் என்று 2018 ஜனவரி 17-ல் ரிசர்வ் வங்கி அறிவித்தது. 2011-ம் ஆண்டு நாணயச் சட்டப்படி 1,000 ரூபாய் வரை நாணயமாகவே கொடுக்கலாம்.

புரளியால் பணக்காரனுக்கு நஷ்டமில்லை. ஆலைத் தொழிலாளியின் கையிலும், அம்பாசமுத்திரம் வயலில் நாற்று நடும் பெண்ணின் மடியிலும் உள்ள 5 நாணயங்கள் செல்லாமற் போனால், அது 50 ரூபாய் கூலி வெட்டு!

கண்டக்டரோடும் சிறு கடைக்காரரோடும் நமக்குச் சண்டையில்லை. "நான் வாங்கினால் என்னிடம் யார் வாங்குவார்?" என்பதே அவர்கள் அச்சம். அதைப் போக்குவது அரசின் கடமை; வங்கிகளின் கடமை. வங்கிக் கிளைகள் நாணயங்களைத் தட்டாமல் வாங்க வேண்டும். பஸ் நிலையங்களிலும் சந்தைகளிலும் அறிவிப்புப் பலகை வைக்க வேண்டும் என்று கோருகிறோம்.

தோழர்களே! தயங்காமல் கொடுங்கள், தயங்காமல் வாங்குங்கள். உழைத்த காசு செல்லாக் காசாக விடோம்!